கூடத்தில் குடிவந்த இறால்கள்

அலி அஸ்கர் சவூதியிலிருந்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்த மூன்றாம் மாதம், ஒரு நாள் மதியம், கண்ணாடித் தொட்டி ஒன்றை மடியில் அணைத்துப் பிடித்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினார். பேட்டையில் அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு என்ன வந்து இறங்கினாலும் நாலு தலை வெளியே நீளும். அன்றும் நீண்டன. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஷம்ஸியா காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"என்னது மச்சான் இது?"

"இறால் வளக்கப் போறேன்."

"இறாலா? திங்கதுக்கா?"

"திங்கதுக்கு இல்ல, பாக்கதுக்கு. நகத்தளவுதான் இருக்கும். செவப்புக் கலர்."

சொல்லிவிட்டு அவர் தொட்டியை வைக்க இடம் தேடினார். கூடத்தில் உறுதியான மேசை ஒன்றுதான் இருந்தது. அது ஷம்ஸியா துணி வெட்டுகிற மேசை. அதில் கிடந்த துணியையும் அளவு நாடாவையும் ஓரமாக ஒதுக்கி அவர் தொட்டியை வைத்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு போய்த் தரையில் விரித்து வெட்டினாள்.

ஒன்றும் சொல்லாமல் இருப்பது இருவருக்கும் பழகிப்போன காரியம். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் நாலு வருஷம் தேறாது. மிச்சமெல்லாம் போன். அந்தப் போனில் சண்டை போட்டதே இல்லை. கோபமாக ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டால் அது கடல் தாண்டி ஒரு வாரம் உறுத்தும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால் வருகிற வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "சாப்பிட்டியளா?" என்று கேட்டுக்கொள்வார்கள். மகள் ஃபர்ஹத் பிறந்து, படித்து, கல்யாணமாகிச் சென்னைக்குப் போனதெல்லாம் அப்படித்தான் நடந்தது.

இப்போது மனிதர் நேரிலேயே இருந்தார். காலையில் பேப்பர், அப்புறம் பள்ளிவாசல், அப்புறம் வாசல் நாற்காலி. எங்கே கையை வைப்பது என்று தெரியாத விருந்தாளியைப் போல அவர் வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருக்கும். சில நேரம் எரிச்சலாகவும் இருக்கும்.

தொட்டி வந்த பிறகு அவர் நடையே மாறிவிட்டது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். தண்ணீரைச் சோதிப்பதுதான் அங்கே அவர் பிழைப்பு. மணல் பரப்பினார், ரெண்டு கல் வைத்தார், கல்லில் பச்சைப் பாசியை நூலால் கட்டினார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று ஒரு நாள் முழுக்க வாளியில் ஆறவைத்துப் பிறகு ஊற்றினார். காற்றுக் குழாயை மாட்டினார். அதன் பிறகு ஒன்றுமே செய்யவில்லை.

"இறால் எங்க?" என்றாள் ஷம்ஸியா, பத்து நாள் கழித்து.

"இன்னும் ஒரு மாசம் ஆகும். அழுக்கத் திங்கிற கிருமி தண்ணியில உண்டாகணும். அது உண்டாகாம எத விட்டாலும் செத்துரும்."

எதிர்வீட்டு ஜன்னத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் தண்ணிய வளக்காவளா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவர் சட்டை செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கண்ணாடிக் குழலில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுவிட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டு, ஒரு நோட்டில் எழுதினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். இருபத்திரண்டு வருஷம் அவர் அங்கே எப்படி இருந்திருப்பார் என்பதை ஷம்ஸியா அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள்.

மார்ச் கடைசியில் வண்ணார்பேட்டை மீன் கடைக்காரர் எபனேசரிடமிருந்து இருபது இறால்கள் பாலிதீன் பையில் வந்தன. அவற்றை உடனே தொட்டியில் விடவில்லை. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவற்றின் பாத்திரத்தில் விழும்படி ரெண்டு மணி நேரம் வைத்திருந்தார். "புதுத் தண்ணிக்குப் பைய பழகணும்" என்றார்.

ஷம்ஸியாவுக்கு அதில் ஈர்ப்பு வந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. இறால்கள் பாசியின் மேல் உட்கார்ந்து, குட்டிக் கைகளால் எதையோ எடுத்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். ஓயாது. ஒரு நாள் மணலில் ஒன்று வெறும் கூடாகக் கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டாள்.

"மௌத்தாப் போச்சே மச்சான்!"

"சாவல்ல. சட்டைய உரிச்சுப் போட்டிருக்கு. பெருசாகுதுல்லா, பழைய சட்டை பத்தல."

தையல்காரிக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றைக்கு முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஏப்ரல் நடுவில் அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டு விசேஷத்துக்கு அலி அஸ்கர் மூன்று நாள் போனார். ஷம்ஸியாவுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி நிறைய இருந்தது. அவள் போகவில்லை. அந்த வெயிலில் தொட்டித் தண்ணீர் விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. வந்தாலும் உடனே ஊற்றக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அடுக்களையில் செம்புக் குடத்தில் குடிக்கிற தண்ணீர் இருந்தது. புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, ராத்திரி நிரப்பிவைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று ஃபர்ஹத் வாங்கிக் கொடுத்த குடம். வீட்டில் உள்ளதிலேயே சுத்தமான தண்ணீர் அதுதான் என்று ஷம்ஸியா நினைத்தாள். மூன்று நாளும் காலையில் பிஸ்மி சொல்லி, ஒரு செம்பு தனக்கும் ரெண்டு செம்பு தொட்டிக்குமாக எடுத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இறால்கள் கோட்டி பிடித்த மாதிரி நீந்தின. மறுநாள் காலையில் பாதிக்கு மேல் மணலில் கிடந்தன, வெந்தது போல வெளிறி. இது உரித்த சட்டையில்லை என்பது அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

மதியம் வந்த அலி அஸ்கர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்று பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வலையில் எடுத்தார். பதினாலு. தண்ணீரைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பவும் சோதித்தார். எபனேசருக்குப் போன் போட்டு, கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தார்.

"கொசு மருந்து எதுவும் அடிச்சியளா அண்ணாச்சி?"

"இல்ல வே."

"செம்பு கிம்பு தண்ணியில பட்டுச்சா? மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது, இறாலுக்குக் கொஞ்சம் பட்டாலும் வெசம்."

"செம்பா? எங்க வீட்ல செம்பு ஏது?"

மிஷினில் இருந்த ஷம்ஸியாவின் கால் நின்றுவிட்டது. ஊசி துணிக்குள் இறங்கியபடியே இருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் அவள் சொல்லவில்லை. அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை. வாசல் நாற்காலிக்கே திரும்பிப் போய்விட்டார். "தண்ணிதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலு. அதுவும் கைவிட்டுட்டு" என்று பொதுவாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லை அவளால் தாங்க முடியவில்லை. செத்துப்போனதற்கு அவள் காரணம். ஆனால் தன் கையிலிருந்த தொழிலையே அவர் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த நாள், மதிய லுகர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் வாசலுக்குப் போனாள்.

"மச்சான், நீங்க ஒண்ணும் தப்புச் செய்யல. நான்தான் செம்புக் குடத்துத் தண்ணிய ஊத்துனேன். மூணு நாளும்."

அவர் எழுந்துவிட்டார். "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா ஷம்ஸி? என்னத்த ஊத்தன்னு ஒரு வார்த்த?"

"கேக்கவா?" குரல் இவ்வளவு உயருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை. "மோட்டார் எரிஞ்சப்ப யாருட்ட கேட்டேன்? பிள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப யாருட்ட கேட்டேன்? மாடியில காங்கிரீட் போட்டேனே, யாருட்ட கேட்டுப் போட்டேன்? இருவத்திரண்டு வருசமா எனக்குத் தெரிஞ்சத நான் செஞ்சேன். இப்ப வந்து எம்மேசையப் பிடிச்சியளே, நீங்க என்னைய ஒரு வார்த்த கேட்டியளா?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. அவரும் சொன்னார், அவளும் சொன்னாள். போனில் விழுங்கியவற்றில் பழைய பெருநாள் ஒன்றில் அவர் வராமல் போனதுவரை வெளியே வந்தது. பிறகு அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நானும் அந்தக் குடத்துத் தண்ணியத்தான் குடிக்கேனா?" என்றார் அவர்.

"ஆமா. வந்த நாள்ல இருந்து."

அவர் உள்ளே போனார். அடுக்களையில் குடத்தின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அரிசி டின், மிளகாய் டப்பா, ஊறுகாய்ப் பரணி என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஷம்ஸியா வாசலில் நின்று கேட்டாள்.

"இது என்ன பொடி?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கொள்ளுப் பொடி" என்றாள். நெஞ்சு லேசாகிப்போயிருந்தது. ஒரு வாரம் உறுத்தவேண்டிய சண்டை பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டதே என்று ஆச்சரியமாக இருந்தது. தொழுதுவிட்டு வந்து அவர் சோறு கேட்டார்.

மறுநாளே பேட்டைப் பட்டறை ஒன்றில் இரும்புத் தாங்கி அடித்து வந்து, தொட்டியை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார்கள். தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆறவைத்த குழாய்த் தண்ணீரைச் சேர்த்தார்கள். ஆறு இறால் மிச்சம். சொட்டு மருந்து விடுவதை ஷம்ஸியா கற்றுக்கொண்டாள். நிறங்களை அவளால் அவரைவிடத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. பச்சையில் எத்தனை பச்சை உண்டென்று நூல் எடுத்து நூல் எடுத்துப் பழகிய கண். நோட்டில் சில நாள் அவள் கையெழுத்து விழுந்தது. புதிதாக இறால் வாங்கலாமா என்று அவர் கேட்டபோது, "இருக்குறது இருக்கட்டும், பாப்போம்" என்றாள்.

ஜூனில் ஒன்றின் வயிற்றுக்குக் கீழே மஞ்சளாக முட்டைகள் தெரிந்தன. அது கால்களை விசிறிபோல் ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அந்த முட்டைகள் இல்லை. உதிர்ந்துபோச்சு போலிருக்கு என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகும் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை.

மேற்கு மலையில் சாரல் பிடித்து, பேட்டை வரைக்கும் குளிர்ந்த காற்று வந்த ஒரு காலை, பாசிக்குப் பக்கத்தில் ஒரு தூசி நடப்பதை ஷம்ஸியா பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தூசிக்கு மீசை இருந்தது.

"மச்சான்! இங்கன வாங்க. ஓடி வராதிய, பைய வாங்க."

அவர் வந்து குனிந்தார். "எங்கன? ஒண்ணையும் காணுமே."

"கல்லு ஓரத்துல. மூக்குக் கண்ணாடிய மாட்டிட்டு வாங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு விரலைத் தூக்கினார். "ஒண்ணு, ரெண்டு... அந்தா பாசிக்குள்ள ஒண்ணு..." பதினொன்று வரை போய், ஒன்று தாவிவிட, கணக்குத் தப்பி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"எண்ணாதிய. கண்ணு பட்டுரும்."

"அப்ப ஃபர்ஹத்து கேட்டா எத்தனைன்னு சொல்ல?"

"வந்து பாத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள் ஷம்ஸியா.