ஷூ இருக்குல்ல?

அந்தப் பாலர் பள்ளியில் வகுப்புக்கும் முற்றத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு மரப்படி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்து உள்ளே போடும் ஷூவைக் கழற்றி, வெளி ஷூவை மாட்டாமல் எந்தப் பிள்ளையும் மண்ணில் கால் வைக்காது. அந்தப் பழக்கம் தடுக்கிற மாதிரி ஒரு பூட்டுகூடத் தடுக்காது. அதனால் ஒரு பிள்ளையைக் காணோமென்றால் டீச்சர்கள் முதலில் ஷூ அலமாரிக்குத்தான் ஓடுவார்கள்.

டீச்சர் மிச்சிருவும் ஓடினாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஐந்து வயது கொஹாருவின் இடம் காலி. அலமாரியில் அவளுடைய மஞ்சள் ஷூ ஜோடியாக இருந்தது.

"உள்ளதான் இருக்கா," என்றார் தலைமை ஆசிரியை தொகாஷி. "மாடிப்படிக்கு அடியில ஒளிஞ்சிருப்பா. அது பிள்ளைங்க ஒளியட்டும்னே விட்ட இடம்."

"அங்கயும் பாத்துட்டேன் மேடம். கழிப்பறையும் பாத்துட்டேன்."

"ஏம்மா இப்படிப் பதறுற? ஷூ இருக்குல்ல?"

ஷூ இருந்தது. பிள்ளை இல்லை. கொஹாருவின் நாற்காலியைப் பார்த்த மிச்சிரு அப்படியே நின்றுவிட்டாள். பூமி ஆடினால் தலையில் மாட்டிக்கொள்ள அதன் முதுகில் தொங்க வேண்டிய பஞ்சுத் தலைமூடியைக் காணவில்லை.

அரை மணி முன்பு ஒரு சின்ன நில அதிர்வில் விளக்கு லேசாக ஆடியிருந்தது. பெரியவர்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்தக் கடற்கரையில் அது சகஜம். ஆனால் போன வாரப் பயிற்சியில் தொண்டை கிழியக் கத்தியவள் மிச்சிருதான்: "பூமி ஆடினா ஷூ மாத்தாதீங்க! கடல் பொங்கி வரும், அப்படியே மேட்டுக்கு ஓடுங்க!"

மேட்டுக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும்.

அவளும் ஷூ மாற்றாமல் ஓடினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய் முடியும்வரை, அந்தப் பக்கம் என்ன கிடக்குமோ என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்டவாளத்தில் ஒன்றுமில்லை. மேட்டின் படிகளில் நாலுகால் பாய்ச்சலில் ஏறினாள்.

உச்சியில், தலைமூடியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கொஹாரு குந்தியிருந்தாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"டீச்சர்... யாருமே வரல. எல்லாரும் செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

மிச்சிரு அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். தப்பு செய்தாய் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னபடி செய்தவள் இவள் ஒருத்திதான்.

"வா கண்ணு, கீழ போலாம்."

"மாட்டேன்." குழந்தை அவள் தோளுக்கு மேலே படிகளையே பார்த்தது. "மத்தவங்க எங்க டீச்சர்? உங்களை மட்டும்தான் காப்பாத்துனாங்களா?"