வாய் நிறையத் தண்ணீர்

அறிவியல் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் ரேடியோ என்று பெயர். பிள்ளைகள் வைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் வைத்தது சக ஆசிரியர்கள். மனுஷன் தங்கமானவர், பாடத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் கேள்வியையும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்லுவார், "ரொம்பச் சரி!" என்று பாராட்டும் அவரே கொடுத்துக்கொள்வார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுநடுவே தலையாட்டுவது மட்டும்தான் வேலை.

ஆசிரியர்கள் இன்னும் நன்றாகப் பாடம் நடத்த உதவுவதற்கென்று ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். சின்ன வயது, அதிர்ந்து பேசாத பெண். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோவின் வகுப்பை முழுசாகக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"சார், உங்க கேள்வியெல்லாம் அருமை. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்க, அது போதும்."

"சும்மான்னா?"

"பேசாம."

"யாரு, நானா?"

தலைமை ஆசிரியை இவ்வளவு பதமாகச் சொல்லவில்லை. "அடுத்த வாரம் மேடம் மறுபடி வருவாங்க. அப்பவும் நீங்களே பேசிட்டிருந்தா எட்டாம் வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீங்க ஆய்வக அலமாரியைப் பார்த்துக்கலாம்."

அலமாரியிடம் என்னத்தைப் பேசுவது? அது தலைகூட ஆட்டாதே! தவிர, அந்தப் பிள்ளைகள் மேல் ரேடியோவுக்கு உயிர்.

அன்றே வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. "இன்னிக்கு உன் ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று மனைவியைக் கேட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே. என் மேல ஏதாவது கோபமாங்க?"

"கோபமெல்லாம் இல்லம்மா, விஷயம் என்னன்னா..." என்று தொடங்கியவர்தான், சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும்வரை ஓயவில்லை.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க வாய் சொன்னா கேக்கற வாயா? தண்ணிய ஊத்தி வச்சுக்கிட்டாத்தான் சும்மா இருக்கும்."

அவள் சொன்னது எரிச்சலில். வாத்தியாரோ அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

பயிற்சியாளர் வந்த அன்று ரேடியோ மேசை மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு தயாராக நின்றார். "ஈரத் துணி எப்படிக் காயுது?" என்று கேட்டார். உடனே ஒரு வாய்த் தண்ணீர். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன.

வகுப்பு வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திருந்தது. பதில் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்குப் பல்வலியோ?

"வெயில்ல காயுது சார்," என்றது ஒரு குரல் கடைசியில்.

"அப்ப ராத்திரில எப்படிடா காயுது?" என்று இன்னொருவன் மடக்கினான். "காத்துல," என்றாள் ஒருத்தி. வீட்டுக்குள் போட்டாலும் காய்கிறதே என்றான் வேறொருவன். பிடித்துக்கொண்டது சண்டை. ரேடியோவின் நாக்கு தண்ணீருக்குள் துடித்தது. கேட்டுக்கொண்டே நடந்து, பயிற்சியாளர் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டார்.

அப்போதுதான் ஜன்னலோரப் பெண் எழுந்தாள். வருஷம் தொடங்கியதிலிருந்து வாய் திறக்காதவள். இவளுக்கு ஒன்றும் ஏறாது என்று அவளுடைய அம்மாவிடமே ரேடியோ சொல்லியிருந்தார்.

"துணியில இருக்கற தண்ணி கொஞ்சங்கொஞ்சமா கண்ணுக்குத் தெரியாம காத்துல கலந்துடுது சார். கசக்கிப் போட்டா அதுக்கு வெளிய வர இடமில்ல. விரிச்சுப் போட்டாத்தான் சீக்கிரம் காயும்."

"ரொம்பச் சரி!"

எத்தனையோ வருஷத்துப் பழக்கம் போய்விடுமா? பாராட்டு வந்தது, தண்ணீரும் கூடவே வந்தது. பயிற்சியாளரின் முகம், தோள், கை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தன.

தொலைந்தோம், இனி அலமாரிதான் என்று நினைத்தார் ரேடியோ.

பயிற்சியாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரப் பெண்ணைப் பார்த்தார். "என் சுடிதார் கை சீக்கிரம் காய என்னம்மா செய்யணும்?"

"கையை நல்லா நீட்டி ஃபேனுக்குக் கீழ நில்லுங்க மேடம்."

ஒருவன் ஓடிப்போய் விசிறி வேகத்தைக் கூட்டினான். ஜன்னலைத் திறந்தால் நல்லதா, மூடினால் நல்லதா என்று அடுத்த வாக்குவாதம் கிளம்பியது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் இந்தப் பெண்ணின் குரலை அமுக்கியது தன்னுடைய குரல்தான் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே தலைமை ஆசிரியை காத்திருந்தார். "எட்டாம் வகுப்பு சார்கிட்டயே இருக்கட்டும்," என்றார் பயிற்சியாளர். "அடுத்த தடவை நான் குடையோட வர்றேன்."

மறுநாள் ரேடியோ துள்ளிக் குதித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். அந்தச் சந்தோஷத்தில் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டார். "ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளிப்பக்கம் ஏன் வேர்க்குது? அது என்னன்னா..."

ஜன்னலோரப் பெண் எழுந்து நேராக அவரிடம் வந்தாள். தன் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"வாயில வச்சுக்குங்க சார். நான் சொல்றேன்."