முப்பத்தேழு பாகை

கணக்கு வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கோணமானி. படம் வரையும்போது கோடு ஒரு நூல் பிசகினாலும் தாளைக் கிழித்துவிடுவார். வண்டி விஷயத்தில் மட்டும் அவர் சுத்த பூஜ்யம். வீட்டு ஷெட்டில் பழைய காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவன் மகன். இவர் விளக்குப் பிடித்தார், சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டும் வாங்கினார். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் மகன் நூலில் அட்டை கட்டி எண் போட்டு, நோட்டில் எழுதிவைத்தான். பிரித்து முடித்த வாரமே அவன் பைக்கை ஒரு மஞ்சள் லாரி அடித்தது. போய்விட்டான்.

எட்டு மாதம் ஷெட் பூட்டியே கிடந்தது. பிறகு வாத்தியார் தானே இறங்கினார். அவன் ஆரம்பித்ததை முடிக்காவிட்டால் தான் உயிரோடு இருந்து என்ன பயன் என்று மனைவியிடம் வாய்விட்டே சொன்னார். நோட்டைப் பார்த்துப் பார்த்து சைலன்சர் குழாய் வரை வந்துவிட்டார். அங்கேதான் ஒரு தகடு குறுக்கே வந்து நின்றது.

மகனின் அலமாரியில் மேல் தட்டில் இருந்தது. ஒரு சாண் நீளம், குழாயை மூடுவதுபோல் குழிவு, வரிசையாகத் துளைகள், ஓரத்தில் புகைக்கறை, நடுவில் ஒரு மடிப்பு. அட்டை இல்லை, எண் இல்லை. நோட்டில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

ஆறு நாள் மல்லுக்கட்டினார். காரில் எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. ஏழாம் நாள் கோணமானியால் மடிப்பை அளந்தார். முப்பத்தேழு பாகை. மூன்று முறை அளந்தும் அதே. அவருக்குச் சிலிர்த்தது. குத்துமதிப்பாக வளைத்திருந்தால் முப்பது வரும், நாற்பத்தைந்து வரும். முப்பத்தேழு எப்படி வரும்? பயல் கணக்குப் போட்டு வளைத்திருக்கிறான். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? மகன் எழுத்துக்குக் கீழே மையால் எழுதினார்: '37 பாகை. காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.' அன்று இரவு சாப்பாட்டுத் தட்டில் அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை தகட்டை, சைலன்சர் வேலை செய்யும் ஒரு வெல்டரிடம் கொண்டுபோனார். வெல்டர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"சார், இது கார் சாமான் இல்ல. பைக் சைலன்சர் மேல, கால் சுடாம இருக்கப் போடுற தகடு."

"அதத்தான்பா காருக்கு மாத்தியிருக்கான். இந்த வளைவப் பாரு, கணக்கா வளைச்சிருக்கான்."

வெல்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வளைச்சது இல்ல சார். அடிபட்டு வளைஞ்சது. உள்ள வேற பெயிண்ட் ஒட்டியிருக்கு, பாருங்க."

மடிப்புக்குள் மஞ்சள் இருந்தது.

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஸ்டேஷன்ல பைக்கத் திருப்பிக் குடுத்தப்ப எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டேன். இத மட்டும் போட மனசு வரலைங்க. அவன் சாமானோட இருக்கட்டும்னு வச்சேன்."

"ஒரு வாரமா இத வச்சு மாரடிக்கிறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் நேத்து ஷெட்டுக்கு வந்தேன். 'உன் மகன் கெட்டிக்காரன்டி'ன்னு சிரிச்சீங்க. அவன் போனதுக்கப்புறம் நேத்துத்தான் சிரிச்சீங்க. எப்படிங்க சொல்றது?"

வாத்தியார் ஷெட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தார். காரின் எல்லா எண்களும் சரியாக இருந்தன. மகன் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை. இனி அவனிடமிருந்து தெரிந்துகொள்ளவும் எதுவுமில்லை. கோணமானியை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். முப்பத்தேழுதான். வாய்விட்டு அழுதுகொண்டே தகட்டை முழங்காலில் அழுத்தி நிமிர்த்தப் பார்த்தார். உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம், அது நிமிரவில்லை.