அமாவாசையன்று அப்பாவின் பிரேக்

1
இந்தக் கதை நான் தலையாட்டியதிலிருந்து தொடங்கியது.

"உங்கப்பா மட்டும் பிரேக் போடலன்னா நான் மாலையோட போட்டோல தொங்கிகினு இருப்பேன்டி ஜெசி" என்றார் பக்கத்துத் தெரு கன்னியம்மா அக்கா. ஆமாம் என்று தலையாட்டினேன். பிரேக் தாமதமாகத்தான் விழுந்தது. வேனின் முன்சீட்டில் இருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

இரவு மணி பன்னிரண்டரை. தூக்கம் வரவில்லை.

2
முதல் வரைவில் அப்பாவை நெசவாளராக்கினேன். எங்கள் ஊர் ஆரணி என்றால் அதைத்தானே எதிர்பார்ப்பீர்கள்? 'ஐம்பத்தொன்பது வயதிலும் அவர் விரல்கள்—'

அடித்துவிட்டேன். அப்பா இருபத்தாறு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார்.

நெசவாளர் தெருவில் காலையில் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்கள். அந்தத் தெரு வளைவு வரும் முன்பே அப்பாவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். நேற்று அமாவாசை, தறிகளுக்கு லீவு. தெரு காலி. கால் போகவில்லை.* கன்னியம்மா அக்கா சைக்கிளில் குறுக்கே வந்தார். நான் "அப்பா!" என்று கத்தி முடித்த பிறகுதான் வேன் நின்றது. சைக்கிளின் பின்சக்கரம் நசுங்கிவிட்டது.

(* அமாவாசை மாதாமாதம் வருவதுதான். முன்பெல்லாம் காலின் பழக்கம் தவறினாலும் கண் முந்திக்கொண்டு பார்த்துவிடும்.)

3
சாயங்காலம், பள்ளி செய்முறை என்று சொல்லி, ஸ்கேலை மேலிருந்து விட்டு அப்பாவை இரண்டு விரலால் பிடிக்கச் சொன்னேன். நான் பாதியிலேயே பிடித்துவிடுவேன். அவருக்கு மூன்று முறையும் தரையில் விழுந்தது.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம உடுற?"

"சொல்லாம உடுறதுதாம்பா டெஸ்ட்டே."

"ரோட்ல எது எங்க வரும்னு எனக்குத் தெரியும். ஸ்கேலா வந்துகினு இருக்கு?"

அம்மா சிரித்தார். "சோத்துத் தட்டு புடிக்கச் சொல்லு, ஜல்தியா புடிப்பாரு."

4
அப்பா சொன்னது சரிதான். தெரிந்த சாலையில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் விடிந்தால் பத்தொன்பது பிள்ளைகளோடு ஏலகிரி சுற்றுலா. அந்த மலைப்பாதையில் அவர் ஒருமுறைகூட ஓட்டியதில்லை.

முடிவு அ: பள்ளிக்குச் சொல்கிறேன். வேறு டிரைவர் போகிறார். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார். [இதையும் அடித்தேன், திரும்ப எழுதினேன்.]

முடிவு ஆ: சொல்லவில்லை. எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள்.

முடிவு இ: மூன்றாவது வளைவில் எதிரே ஒரு—

முடியவில்லை.

5
நாலரை. அப்பா எழுந்து குளிக்கிற சத்தம் கேட்கிறது. வேன் பொறுப்பாளர் அன்பரசு சாரின் நம்பரைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்று கேட்கமாட்டேன். நீங்கள் அப்பா பக்கம் பேசுவீர்கள், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் உங்கள் மகள் இந்த வேனின் ஜன்னலோர சீட்டுக்காகச் சீக்கிரமே எழுந்து தலை பின்னிக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லுங்கள். அழுத்தவா?