வராத பனி

"குதிரை மந்தைக்காரர்னு சொல்லுடி," என்று சோனுன் அத்தை முதுகுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "ஆயிரம் குதிரை மேய்ச்ச என் அத்தாவேன்னு சொல்லி அழு. ஆளுங்க வர்றாங்க பாரு."

சைகல் கம்பளிக் கூடாரத்தின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில், திரைக்கு அந்தப் பக்கம், அவளைப் பெற்ற அத்தா உயிரில்லாமல் கிடந்தார். இது மூன்றாம் நாள். கூடாரத்துக்கு வெளியே வரிசையாக நின்ற ஆண்கள் கம்பை ஊன்றிக்கொண்டு ஓலமிடத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே பெண்கள் ஒப்பாரியை எடுத்தாக வேண்டும்.

"அத்தாவுக்கு ஏது அத்தை குதிரை? ஒரு ஓட்டை ஜீப்தான் இருந்துச்சு."

"ஒப்பாரியில யாராவது கணக்குப் பார்ப்பாங்களா? சொல்லு."

சைகல் வாயைத் திறந்தாள். கேமராவைத் தோளில் போட்டு மலையேறிய என் அத்தா என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரி வரவில்லை. அத்தை நாக்கைச் சொடுக்கிவிட்டுத் தானே ஆயிரம் குதிரைகளையும் எடுத்துக்கொண்டு உரக்கப் பாட ஆரம்பித்தாள்.

ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அத்தாவுக்கு, எசென்குலுக்கு, அறுபத்து மூன்று வயது. மலையூரான நாரினில், சந்தைக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம், செப்டம்பரில், கடையை மூடிவிட்டு சாரி-பெல் ஏரிக்குப் போவார். ஒரே பாறை மேல் நின்று ஒரே ஏரியை எடுப்பார். முப்பத்தொரு வருஷமாக எடுத்தார்.

வெளியே ஓலம் திடீரென்று நின்றது. "அடேயப்பா!" என்றது ஒரு குரல். "சூப்பர்!" என்றது இன்னொன்று.

சாவு வீட்டில் கேட்கிற வார்த்தையா அது? சைகல் எழுந்து வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு வேன் நின்றது. இரண்டு பேர் வேனிலிருந்து சட்டம் போட்ட ஒரு படத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவு உயரம் இருந்தது, அகலம் அதைவிட அதிகம். வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்து மேலே சுற்றியிருந்த தாளைக் கிழித்தார்கள். அத்தாவின் தம்பி பெய்ஷென் புறங்கையால் கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார்.

"பார்த்தியா சைகல்! உங்க அத்தாவோட ஏரி! டூரிஸ்ட் கம்பெனிக்காரங்க அனுப்பியிருக்காங்க. எவ்ளோ பெரிய மனசு!"

ஏரி நீலமாக, ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. பின்னால் பனியாறு கரை வரைக்கும் வெள்ளையாக இறங்கி வந்திருந்தது. வானம் ரோஜா நிறம். இடது கரை சுத்தமாக இருந்தது. கீழே தங்க எழுத்தில் 'எசென்குலின் கண்களில்' என்று போட்டிருந்தது.

இடது கரையில் மூன்று மின்கோபுரங்கள் இருக்க வேண்டும். பனி இவ்வளவு கீழே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்தக் கோபுரங்களைப் படத்திலிருந்து நீக்கியது சைகல். அந்தப் பனியைப் போட்டதும் அவள்தான்.

அவள் தலைநகரான பிஷ்கெக்கில் விளம்பரப் படங்களைத் திருத்துகிற ஓர் இடத்தில் வேலை பார்த்தாள். ஹோட்டல் சுவரை வெளுப்பாக்குவது, காய்ந்த புல்லைப் பச்சையாக்குவது. ஊருக்கு வரும்போதெல்லாம் சமையலறையில் டீயை வைத்துக்கொண்டு அத்தாவோடு இதே சண்டைதான்.

"நீங்க மட்டும் என்னவாம்?" என்பாள். "லென்ஸுக்கு முன்னாடி கறுப்புக் கண்ணாடிய மாட்டி, அரை நிமிஷம் திறந்து வச்சு, அலையடிக்கிற தண்ணியப் பட்டுத்துணி ஆக்கறீங்க. எந்தக் கண்ணு அப்படிப் பார்க்குது?"

"அந்த அரை நிமிஷமும் தண்ணி அங்கதானே இருந்துச்சு?"

"வானத்த இருட்டாக்கறீங்க."

"ஆமா. அன்னிக்கு அவ்ளோ இருட்டாத்தான் இருந்துச்சு. கேமராவுக்குத் தெரியல."

"புள்ளி புள்ளியா இருந்தா அழிக்கறீங்க."

"அது என் லென்ஸுல இருந்த தூசி. ஏரியில இல்ல." டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். "இங்க பாரு. வந்தத இருட்டாக்கு, வெளிச்சமாக்கு. கோணலா இருந்தா நிமித்து. வராதத கொண்டு வராத. நின்னத போகச் சொல்லாத. அவ்ளோதான்."

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். அவளுக்கு எரிச்சல் மூட்டியதே அதுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வசந்த காலத்தில், அவளுடைய மேலதிகாரி ஒரு படத்தை அவள் திரைக்கு அனுப்பினான். டூரிஸ்ட் கம்பெனி காலண்டர். கோபுரத்தை எடு, பனியைக் கூட்டு, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றான். பார்த்த மாத்திரத்தில் அத்தா எடுத்த படம் என்று தெரிந்துவிட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அன்று காலையில்தான் அத்தா போனில், "பொய்க்குச் சாயம் பூசற வேலை" என்று சொல்லியிருந்தார். அந்தக் கோபத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று கோபுரங்களும் போய்விட்டன. கறுப்புப் பாறை தெரிந்த இடத்துக்குப் பனி வேண்டியிருந்தது. தொண்ணூற்றெட்டில் அத்தா அதே பாறையிலிருந்து எடுத்த நெகட்டிவை அவள்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். அதிலிருந்து வெட்டி ஒட்டினாள். வேறு யாருடைய பனியும் இல்லையே, அவருடைய பனிதானே என்று சொல்லிக்கொண்டாள்.

காலண்டர் வீட்டுக்கு வீடு தொங்கியது. ஒரு நாள் அத்தா போன் செய்தார். "யாரோ என் ஏரியில கை வச்சுட்டாங்க சைகல்."

"புதுசா வேலைக்கு வந்தவன் எவனாவது செஞ்சிருப்பான், விடுங்க அத்தா."

"அப்படியா?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ரொட்டி விலையைப் பற்றிப் பேசினார். படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டார். பதில் வரவில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, சட்டம் போட்டு.

"இத எடுத்துக் கொட்டகைல வச்சிடலாம் சின்னத்தா," என்றாள் பெய்ஷெனிடம்.

"உனக்குப் பைத்தியமா? மய்யித்து வீட்டுக்குக் கொண்டு வந்தத ஒளிச்சு வைக்கறதா? கம்பெனி டைரக்டரே வர்றாராம்."

"அத்தாவுக்கு இந்தப் படம் பிடிக்காது."

"அவருக்கு எதுதான் பிடிச்சுது? நல்ல நாள்லயே முகத்தத் தூக்கி வச்சிருப்பாரு. போம்மா, உள்ள போய் அழு."

அவர் குதிரைக்கறி வேகும் அண்டாப் பக்கம் போனதும் சைகல் படத்தைப் பிடித்து, தம் கட்டி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். சட்டம் கனத்தது. உள்ளே போய் அம்மாவுக்கு ஒரு கிண்ணம் டீ கொடுத்துவிட்டு வந்தாள். படம் மறுபடி தெருவைப் பார்த்து நின்றது. உறவுக்காரக் குடும்பம் ஒன்று அதன் முன்னால் சோகமாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போனபின் மறுபடி திருப்பினாள். "யாருப்பா இத அடிக்கடி திருப்பி வைக்கறது, காத்தா?" என்று சொல்லிக்கொண்டே சோனுன் அத்தையின் மருமகன் நேராக வைத்தான். சட்டம் சாயாமல் இருக்கக் கீழே இரண்டு செங்கல்லும் கொடுத்தான்.

பதினோரு மணிக்கு டைரக்டர் மார்லென் வந்தார். குறை சொல்ல முடியாத மனிதர். முறைப்படி தூரத்திலேயே காரை நிறுத்திவிட்டு, ஓலமிட்டபடி நடந்து வந்து, ஆண்கள் ஒவ்வொருவரையும் தழுவி நிஜமாகவே அழுதார். அழுது முடித்துப் படத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"நம்ம மண்ண இப்படிப் பார்க்க எத்தனை பேருக்குக் கண்ணு இருக்கு? எசென்குல் அண்ணன் கண்ணு, அது கடவுள் கொடுத்த கண்ணு."

கூட்டம் தலையாட்டியது. டீத் தட்டோடு நின்ற சைகல் ஓரடி முன்னால் வந்தாள்.

"அது அவர் கண்ணு இல்ல. என் கை."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அங்க மூணு கரண்ட் கோபுரம் நிக்குது. எல்லாரும் பார்த்திருக்கீங்க. படத்துலேர்ந்து நான்தான் எடுத்தேன். அந்தப் பனி இப்ப அங்க இல்ல. நான்தான் ஒட்டினேன். அத்தாகிட்ட சொல்லல. வேற எவனோ செஞ்சான்னு பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். யாராவது காறித் துப்புவார்கள், சின்னத்தா கையை ஓங்குவார் என்று நின்றாள்.

மார்லென் தட்டோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாம்மா? இவ்ளோ நாள் தெரியாமப் போச்சே! தங்கமான கையி! அப்பனுக்குத் தப்பாத பொண்ணு."

"நம்ம சைகலா செஞ்சா!" என்று பெய்ஷெனின் முகம் மலர்ந்தது. கம்பை ஊன்றி நின்ற ஒரு கிழவர் படத்துக்குக் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அசலவிட இதுதான்மா நல்லா இருக்கு. அசல்ல அந்தக் கோபுரம் கண்ணக் குத்தும்," என்றார்.

"அவர் உங்களுக்கு மூணு கடிதம் போட்டாரு," என்றாள் சைகல் மார்லெனிடம். குரல் உடைந்தது.

"போட்டாரா? ஆபீஸ்ல யாராவது வாங்கி எங்கயாவது வச்சிருப்பாங்க. கலைஞருங்கன்னா கோபம் வரத்தாம்மா செய்யும்." அவள் தோளைத் தட்டினார். "அழாத. இந்தப் படம் இருக்கற வரைக்கும் அவர் இருப்பாரு."

கம்பளிப் பொதியைக் குத்தியது போல் இருந்தது. கை வலித்ததுதான் மிச்சம். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனாள்.

அம்மா ரக்கியா கறுப்பு முக்காட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அழுது குரல் கம்மியிருந்தது. "வெளிய என்னடி பேசிட்டு வந்த?"

சைகல் சொன்னாள். காலண்டர், கோபுரம், பனி, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

அம்மா திரும்பவில்லை. "அவருக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"காலண்டர மடியில வச்சுக்கிட்டுப் பூதக்கண்ணாடியால பார்த்துட்டே இருந்தாரு. ரக்கியா, இது தொண்ணூத்தெட்டாம் வருஷத்துப் பனின்னாரு. அந்த நெகட்டிவ் வேற யார்கிட்ட இருக்கு? மறுநாள்தான் உனக்குப் போன் பண்ணாரு."

சைகலுக்கு அந்தப் போன் பேச்சு நினைவில் ஓடியது. அப்படியா என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்த நேரம்.

"அப்ப ஏன் கேக்கல? ஏம்மா கேக்கல? யாரோன்னுதானே சொன்னாரு!"

"நீயா சொல்லுவன்னு இருந்தாரு."

"ரெண்டு வருஷமாவா? திட்டியிருக்கலாமே! வீட்டுக்கு வராதன்னு சொல்லியிருக்கலாமே! அத விட்டுட்டு ரொட்டி விலையப் பேசினாரு!"

"மெதுவாப் பேசு. பக்கத்துல கிடக்காரு." அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒட்டு தெரியலன்னாரு. நானே தேடித் தேடித்தான் கண்டுபிடிச்சேன்னாரு. அத ரெண்டு தரம் சொன்னாரு."

வெளியே ஓலம் எழுந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள். சைகல் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அழுகையும் வரவில்லை, பாட்டும் வரவில்லை.

பகல் தொழுகைக்கு முன்னால் வந்து மய்யித்தை எடுத்தார்கள். கம்பளத்தில் சுற்றி, வாசல் வழியாகத் தோள் மாற்றித் தோள் கொண்டு போனார்கள். கபர் தோண்டிய இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. சைகல் வெளிக்கதவு வரை ஓடினாள். சோனுன் அத்தை இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மேட்டுச் சாலையில் ஏறிப் போயின. தூறல் தொடங்கியிருந்தது.

அதன் பிறகு வேலைதான். மாவைத் தேய்த்து நூல் நூலாக வெட்டினாள். வெங்காயம் நறுக்கினாள். விருந்தாளிகளுக்கான விரிப்புகளை உதறிப் போட்டாள். அங்கே என்ன நடக்கிறது, குழி எவ்வளவு ஆழம், யார் இறங்கி வாங்கினார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. பார்க்காத இடத்தை மனது தன்பாட்டுக்கு வரைந்து வரைந்து அழித்தது.

இரண்டு மணிக்கு மேல் ஆண்கள் திரும்பி வந்தார்கள். சைகல் வெந்நீர்க் கெண்டியோடும் தோளில் துண்டோடும் வாசலில் நின்றாள். ஒவ்வொருவராகக் கையை நீட்ட, தண்ணீர் ஊற்றினாள். நாலாவதாகப் பெய்ஷென் வந்தார். முழங்கால் வரை ஈரம். கையை நீட்டியபடியே பேச ஆரம்பித்தார்.

"நல்லபடியா வச்சோம்மா. மனசத் தேத்திக்கோ. இறக்கற நேரம் பாரு, மேகம் அப்படியே பிளந்துச்சு. வெயிலு நேரா குழிக்குள்ள விழுந்துச்சு. அண்ணன் முகத்துல பட்ட மாதிரி. வந்த அத்தனை பேரும் வாயடைச்சு நின்னுட்டாங்க."

சைகல் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"அப்படியா சின்னத்தா?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காலை மாற்றி நின்றார்கள்.

"இல்லம்மா," என்றார். "மேகம் விலகல. தூறிக்கிட்டேதான் இருந்துச்சு. குழியில தண்ணி ஊறிடுச்சு. வாளியால இறைச்சு இறைச்சு ஊத்தினோம். அப்பவும் கொஞ்சம் நின்னுச்சு. நான்தான் இறங்கி வாங்கினேன். கால் வழுக்கிடுச்சு, விழத் தெரிஞ்சேன். முல்லா திட்டினாரு."

"ம்."

"மண்ணு கறுப்பா இருந்துச்சு. கல்லு நிறைய."

அவள் கெண்டியைச் சாய்த்தாள். நகக்கண்ணில் ஏறியிருந்த சேறு லேசில் போகவில்லை. அவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.