வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள் ராதா. வெள்ளைச் சட்டை. பட்டனுக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஒரு கறை, கட்டைவிரல் அகலத்துக்கு. சோப்புப் போட்டாயிற்று, எலுமிச்சம்பழமும் தேய்த்தாயிற்று. கறை வெளுத்ததே தவிரப் போகவில்லை. வேறு நாளாக இருந்தால் சட்டைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

சொந்தக்காரர் கௌரிசங்கர், அவள் கணவனின் அண்ணன், அன்று விடிகாலை தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். அரை டம்ளர் காப்பியோடு அவர் அறைக்குள் போனவள் ராதாதான். போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் நடந்த சாவு என்பதால் டாக்டர் பார்த்துக் காரணம் எழுதித் தரவேண்டுமாம். அவள் கணவன் சிவசங்கரன் அண்ணனின் உடலோடு போயிருந்தான்.

“அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?” குளியலறைக் கதவுக்கு வெளியே மஹதியின் குரல் கேட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணின் குரல் போலவே இல்லை, அவ்வளவு சின்னதாக இருந்தது. “ஆன்ட்டி எல்லாம் ஹால்ல உக்காந்திருக்காங்க. உன்னைத்தான் கேக்கறாங்க.”

“வரேன்னு சொல்லு.”

“துணியா துவைக்கிற? இப்பவா?”

“வரேன்னு சொன்னேன்ல?”

சட்டையை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு எழுந்தாள். கொலை செய்தவர்கள் இப்படித்தான் துணியைத் துவைப்பார்களாக இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவள் அதை உண்மை என்றே நம்பினாள். நேற்றுச் சாயங்காலம் அவருக்கு ஒரு கப் சீவிய ஐஸைத் தன் கையாலேயே கொடுத்திருந்தாள்.

கௌரிசங்கருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஆறு வருடம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், மெஷின்தான் எடுக்கவேண்டும். அதனால் காப்பி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு, எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் அடங்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாமல், குவைத்தில், ஷுவைக் பகுதியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஸ்டோரில் இருபது வருடம் ஓட்டிய மனிதர். சொன்னால் கேட்பவரில்லை. தம்பியோ அண்ணன் முகம் வாடினால் தானும் வாடிப்போகிற ரகம். ஆகவே அந்தப் பொறுப்பு ராதாவின் தலையில் விழுந்தது. அவளும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காமல் அதைச் செய்தாள். அவர் அவளுக்கு வைத்த பெயர் ‘வாட்டர் போர்டு மேடம்’.

ஹாலில் பக்கத்து ஃப்ளாட் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். உடல் இல்லாத துக்க வீட்டில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியாமல் எல்லோரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டிவி அணைந்திருந்தது. ஒருத்தி ராதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தூக்கத்துல போறதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும் ராதா” என்றாள். இன்னொருத்தி இட்லி கொண்டுவந்திருந்தாள். உடல் ஊர் போய்ச் சேருகிற வரையில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று திருச்சியிலிருந்து நாத்தனார் போனில் உத்தரவு போட்டிருந்தாள். ராதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மனம் மட்டும் நேற்றுப் போயிருந்த ஃபஹாஹீல் கடற்கரையிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை என்றால் வெளியே போயே ஆகவேண்டும், அது கௌரிசங்கர் போட்ட சட்டம். உடம்பு நன்றாக இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். அவருடைய பழைய காரில் நாலு பேரும் ஏறுவார்கள். சால்மியாவில் சீவிய ஐஸில் பயறு, ஜெல்லி, ஊதா நிறக் கிழங்கு எல்லாம் போட்டுத் தருகிற பிலிப்பைன்ஸ் கடை. ஃபர்வானியாவில் குச்சியில் உருட்டித் தருகிற பாகிஸ்தானிக் கடை. மாலில் பாலையே பனியாக உறையவைத்துச் சீவுகிற கொரியன் கடை. எங்கெங்கே ஐஸ் சீவுகிறார்கள் என்பது குவைத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும் போலிருந்தது. நோய் வந்த பிறகும் போவதை விடவில்லை. மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். “எப்படி இருக்கு? சும்மா நல்லாருக்குன்னு சொல்லாத. விவரமா சொல்லு” என்று மஹதியைப் பிடுங்குவார். அவள் இங்கிலீஷில் விவரிப்பாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கடைசியில் ராதாவிடம், “ஒரே ஒரு ஸ்பூன் மேடம்” என்பார். “கிடையாது அத்தான்” என்பாள் அவள்.

நேற்று அவர் கேட்கவில்லை. கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது? சிவசங்கரனும் மஹதியும் தண்ணீரில் கால் நனைக்கப் போன நேரத்தில், தன் கையிலிருந்த ரோஸ் ஐஸை, ஒரு வாய்கூடத் தொடாததை, அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டாள். “சீக்கிரம் சாப்பிடுங்க அத்தான், அவங்க வந்துடுவாங்க” என்றாள். அவசரமாகச் சாப்பிட்டதில் சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

மூன்று மணிக்குச் சிவசங்கரன் வந்தான். வந்திருந்தவர்களிடம் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். பேப்பரெல்லாம் முடிந்தால் திங்கள்கிழமை ஃப்ளைட். கூட அவன் போகிறான். பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள், துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

கதவு சாத்தியதும் சிவசங்கரன் சோபாவில் உட்கார்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ராதா, ஒண்ணு சொல்லணும். கத்தாத.”

“என்ன?”

“அண்ணனை நான்தான்…” என்று ஆரம்பித்தவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். “காரை நிறுத்திட்டு வர்றோம்னு நாங்க ரெண்டு பேரும் பின்னாடி வருவோம் இல்ல, அப்ப அந்த மலையாளி கடையில ஒரு கப் வாங்குவேன். நான் ரெண்டு வாய் சாப்பிடுவேன். மிச்சம் அண்ணன். நேத்தும் வாங்கினேன்.”

“நேத்தும்னா?”

“ரமலான் நோன்புக்கு முன்னாடியிலேர்ந்தே நடக்குது. ‘உன் பொண்டாட்டிக்குத் தெரியவேணாம்டா, உன்கிட்ட மட்டும்தான் கேக்கறேன்’னாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? டாக்டர் மாரடைப்புன்னு எழுதும்போது பக்கத்துலயே நிக்கிறேன். ஐஸ்னு சொல்ல வாய் வரல.”

ராதா பதில் சொல்வதற்குள் உள்ளறை வாசலில் மஹதி அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை என்பது ராதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“நானும் குடுத்தேன். மேங்கோ. நீ ரெஸ்ட் ரூம் போனப்ப. ஹாஃப் கப். பெரியப்பா ப்ளீஸ்னு கேட்டாரும்மா. ‘உன்கிட்ட மட்டும்தான் கேக்கறேன்’னு சொன்னாரு. ஐ டிட்ன்ட் நோ அப்பாவும் குடுத்தாருன்னு.”

இருவரும் ராதாவின் முகத்தைப் பார்த்தார்கள். இனி வசவு மழை பிடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தார்கள். ராதா சுவரில் சாய்ந்து நின்றாள். முதலில் வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதி. தான் ஒருத்தி மட்டும் இல்லை. அடுத்த கணமே கணக்குப் போட்டாள். அரைக் கப், கிட்டத்தட்ட ஒரு கப், தன்னுடையது முழுசாக ஒரு கப். ஒரே சாயங்காலத்தில் மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை முடித்துவிட்டோமா?

“ரோஸ்” என்றாள்.

“என்ன?”

“நான் குடுத்தது ரோஸ். ஃபுல் கப்.”

“நீயா?” சிவசங்கரன் எழுந்துவிட்டான். ஊரில் கோயில் தேர் தானாக நகர்ந்தது என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டான். “உன்கிட்டயும் கேட்டாரா?”

“கேக்கல. அதான் குடுத்துட்டேன்.”

மஹதி அம்மாவின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். ராதாவுக்கு அத்தானை ரொம்பப் பிடிக்கும். அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவரைப் பார்த்து வாயைத் திறந்தாலே தண்ணீர்க் கணக்குதான் வந்தது.

அழைப்பு மணி அடித்தபோது ஐந்து மணி இருக்கும். டயாலிசிஸ் சென்டரின் நர்ஸ் சந்திரகலா, நாகர்கோவில்காரி, டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். உள்ளே வந்ததும் ராதாவைக் கட்டிக்கொண்டாள். “காலையில மெசேஜ் பாத்ததுலேர்ந்து கையும் ஓடல, காலும் ஓடலக்கா. நாளைக்கு அவரோட சீட்ட யாருக்குக் குடுக்கதுன்னு கேக்காங்க. எனக்கு ஆத்திரமா வருது.”

ராதா அவளை உட்காரச் சொல்லவில்லை. “சிஸ்டர், அவருக்கு ஐஸ் குடுத்தோம்” என்றாள். “நாங்க மூணு பேருமே. நேத்து.”

“எந்த ஐஸ்?”

“பீச்ல சீவித் தருவாங்களே, சர்பத் ஊத்தி. மூணு கப்புக்குக் கொஞ்சம் கம்மி. அதனாலதானே?”

சந்திரகலா சிவசங்கரனைப் பார்த்தாள், மஹதியைப் பார்த்தாள். பிறகு தானே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். “பழம் போட்டதாக்கா? பழம்னா பொட்டாசியம் ஏறும்.”

“ரோஸ். ஒண்ணு மேங்கோ.”

“அந்தக் கடை மேங்கோவா? மாம்பழம் அந்தப் பக்கமே போயிருக்காது, வெறும் கலரு.” அவள் சிரிக்கவில்லை. “காலையில எப்படிப் படுத்திருந்தாரு?”

“எப்படின்னா?”

“உக்காந்திருந்தாரா, சாஞ்சிருந்தாரா, படுத்திருந்தாரா?”

ராதா கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க வேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளிவைத்திருந்ததை இப்போது பார்த்தாள். ஒரே ஒரு தலையணை. ஒருக்களித்த உடம்பு. கன்னத்துக்கு அடியில் ஒரு கை. போர்வை மார்புவரை, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல்.

“தூங்கற மாதிரிதான் இருந்தாரு. நான் ரெண்டு தடவை எழுப்பினேன்.”

“அப்போ தண்ணியால இல்லக்கா. தண்ணி நெஞ்சுல ஏறியிருந்தா மனுஷனால படுக்க முடியாது. எந்திரிச்சு உக்காந்து மூச்சுக்குத் தவிப்பாங்க. இந்த வீட்டையே எழுப்பியிருப்பாரு. ஆறு வருஷமா மெஷின்ல ஓடின இதயம், களைச்சுப்போச்சு. எங்க பேஷன்ட் நெறையப் பேருக்கு இப்படித்தான் ஆகும்.” மஹதியின் பக்கம் திரும்பி, “அதுவும் போக, அந்த ஐஸ் கணக்கில்லாம சாப்பிட்டது இல்ல” என்றாள்.

“என்னது?” என்றான் சிவசங்கரன்.

“கப்பு நெறையத் தெரியும், உருகினா பாதி தண்ணிகூட இருக்காது, மிச்சம் காத்துதான். அதுக்கும் அவரு எடம் வச்சுக்கிடுவாரு. ‘வெள்ளிக்கெழமை பீச்சு சிஸ்டர், காலையிலேர்ந்தே மிச்சம் புடிச்சாத்தான் சாயங்காலம் மூணு பேர்கிட்டயும் வாங்கிச் சாப்பிட முடியும்’னு சொல்லுவாரு. ஞாயித்துக்கெழம வந்தா நேரா வெயிட் மெஷின்ல ஏறி நிப்பாரு. ஒருநாளும் கூடினது இல்ல. ‘வாட்டர் போர்டு மேடத்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தரக்கூடாது பாருங்க’ம்பாரு.”

“மூணு பேர்கிட்டயுமா?” என்றாள் ராதா. “என்கிட்ட அவர் கேட்டதே… நேத்துதான் முதல் தடவை குடுத்தேன்.”

“உங்க பேரும் அவரு லிஸ்ட்ல இருந்திச்சு. ‘தருவா சிஸ்டர், இன்னும் கொஞ்ச நாள் ஆகும்’னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

வெள்ளிக்கிழமை மதியங்களில் ரசத்தைத் தொடாமல் ஒதுக்கிவைப்பாரே, மோரைப் பாதியில் விடுவாரே, சமையல் பிடிக்கவில்லையோ என்று அவள் மனசுக்குள் எவ்வளவு பொருமியிருப்பாள்! அழுகை வந்தது. காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது உடைந்து, வெட்கமில்லாமல், மூக்கில் வழிய வழிய அழுதாள். அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. சிவசங்கரன் அவள் முதுகில் கைவைத்தான். அவனும் பெருமூச்சு விட்டது கைவழியாகவே தெரிந்தது.

சந்திரகலாவைப் பஸ் ஏற்றிவிட்டு அவன் திரும்பி வந்தபோது வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. மூவரும் இட்லி சாப்பிட்டார்கள். பசித்திருக்கிறது என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது. மஹதிக்கு விக்கல் எடுத்தது. எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஆறு வருடமாக அந்த வீட்டில் யாரும் ஹாலில் தண்ணீர் குடித்ததில்லை. யாரும் அப்படிச் சொல்லிவைக்கவில்லை. அவர் கண்ணெதிரே மடக் மடக்கென்று குடிக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜைமேல் தண்ணீர் வைப்பதே நின்றுபோயிருந்தது. கதவுக்குப் பின்னால் குடிக்கிற சத்தம்கூட வெளியே கேட்காதபடி அந்தப் பெண் பழகியிருந்தாள்.

“மஹதி, இங்க வந்து குடி” என்றாள் ராதா.

மஹதி பாட்டிலோடு வந்தாள். பெரியப்பாவின் நாற்காலியைப் பார்த்தாள். குடிக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

ராதா பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, சத்தம் கேட்கக் குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. பாதி பாட்டிலை மகளிடம் நீட்டினாள். மகள் குடித்து அப்பாவிடம் கொடுத்தாள். பாட்டில் காலியானதும் சிவசங்கரன் எழுந்து போய் இன்னொன்று எடுத்துவந்தான்.