ஒரு தாய் எழுதியதுபோல

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒன்றைச் செய்தே பார்க்க வேண்டும் என்பது டீச்சரின் கட்சி. அதனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி அறையில் உட்காரவைத்து, குழுவுக்கு ஒன்று தயாரிக்கச் சொன்னாள். ஒரு குழு பள்ளிக்கு எதிரே இருந்த பேக்கரியின் படத்தைப் போட்டு, ‘இங்கே கெட்டுப்போன மாவில் பன் செய்கிறார்கள்’ என்று எழுதியிருந்தது.

“மிஸ், இது உங்க நாத்தனார் கடையாச்சே!”

“அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா உப்புச் சப்பில்லாம இருக்கே, இதை யாரு நம்புவா?”

சிரித்துக்கொண்டே விசைப்பலகையை இழுத்து அவளே ஒரு வரி சேர்த்தாள். ‘அந்த பன்னைத் தின்ற என் குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கிறது. ஒரு தாயாகக் கெஞ்சுகிறேன், வாங்காதீர்கள்.’

“இப்ப வயித்தைப் பிசையுதா? அந்த இடத்துலதான் நாம யோசிக்கிறதை நிறுத்திடுறோம்.”

அடியில் சிவப்பு எழுத்தில் ‘பயிற்சிக்காக மட்டும்’ என்று போடச் சொல்லிவிட்டு அடுத்த குழுவிடம் போனாள்.

நான்காம் நாள் அந்தப் படம் அவள் கைபேசிக்கே வந்தது. அனுப்பியவள் பக்கத்து வீட்டுக்காரி. சிவப்பு வரியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

டீச்சர் பதறிப்போய் ஓடியபோது பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையைத் தூக்கி நிறுத்திய நாத்தனார், தரையில் உட்கார்ந்து பன் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வா டீச்சரம்மா. பன்னு கிடையாது. வேணும்னா என் தலையைத் தின்னு.”

“அண்ணி, அந்த மெசேஜ்...”

“பாத்தேன். ஈ காக்கா வரலை. அது கிடக்கட்டும், அந்தக் குழந்தை எந்திரிச்சு உக்காந்துதான்னு தெரியலையே. ரெண்டு ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். மாவைப் பூரா கொட்டிட்டேன். அடுப்பைப் பத்தவைக்கக் கை வர மாட்டேங்குது.”

டீச்சர் குனிந்து அவள் தேய்த்துக்கொண்டிருந்த தட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“குழந்தையே இல்ல அண்ணி. அந்த வரியை எழுதினது நான்தான். பாடத்துக்காக.”

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று நின்றாள் டீச்சர்.

“என்னைத் தேத்துறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காதே. படிச்சாலே தெரியலையா, பெத்த வயிறு எழுதினதுன்னு?”

“சத்தியமா அண்ணி.” பள்ளிக் கணினியிலிருந்து கைபேசியில் ஏற்றி வந்திருந்த முழுப் படத்தை நீட்டினாள். “இங்க பாருங்க, சிவப்புல.”

நாத்தனார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

“இந்த மாதிரி ஒரு வரியை யாரும் பின்னால சேத்துடலாம்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?”

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே பளபளத்த தட்டை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.